விரட்டிய கிளப்பே திரும்ப அழைத்தது: பில்லி மெரெடித் வாழ்ந்த கதை

ஜோகூரில் காற்பந்து பேசாத கோப்பிக் கடை கிடையாது. லார்கின் அரங்கத்தில் 1991ஆம் ஆண்டு மலேசியக் கிண்ணத்தைக் கொண்டாடிய தலைமுறையும், இஸ்கண்டார் புத்ரியின் புதிய அரங்கில் ஹரிமாவ் செலாத்தான் சட்டையோடு உட்காரும் இன்றைய பிள்ளைகளும் ஒரே மேசையில் அமர்ந்தால், சீசன் முடியும் நேரத்தில் ஒரு கேள்வி நிச்சயம் வரும். போன பழைய நட்சத்திரத்தைத் திரும்ப எடுக்கலாமா, கூடாதா? நல்லவிதமாகப் பிரிந்து போனவர் என்றால் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். சண்டை போட்டுப் போனவர், காசு விவகாரத்தில் பெயர் கெட்டவர், போட்டி அணிக்குப் போய் நம் வலையிலேயே கோல் போட்டவர் என்றால் தே தாரிக் ஆறிப்போகும் வரை பேச்சு ஓயாது.

1994, 1995இல் மலேசியக் காற்பந்தை உலுக்கிய ஆட்ட ஊழல் விவகாரத்தை நேரில் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி இன்னும் கசக்கும். நேற்று வரை திடலில் கைதட்டி வரவேற்கப்பட்டவர்கள் விசாரணைக்கு இழுக்கப்பட்டார்கள். பலர் தடை செய்யப்பட்டார்கள். தப்பு செய்தவனை மன்னிக்கலாமா என்று தகப்பனும் மகனும் ஒரே வீட்டில் வாதாடிய காலம் அது.

இதே கேள்வி, இதைவிடக் கூர்மையாக, நூறு ஆண்டுகளுக்கு முன்பு மென்செஸ்டர் நகரில் எழுந்தது. இன்று ஜோகூர் தோட்டத்துப் பையன்கள் சிவப்புச் சட்டை, நீலச் சட்டை என்று பிரிந்து நின்று ஆதரிக்கும் அதே யுனைடெட், அதே சிட்டி. கேள்விக்குக் காரணமானவர் வில்லியம் ஹென்றி மெரெடித். உலகம் அவரை பில்லி மெரெடித் என்று அழைத்தது; வேல்ஸ் மந்திரவாதி என்ற பட்டப்பெயரும் உண்டு. காற்பந்தின் முதல் பெரும் நட்சத்திரம் யார் என்று வரலாற்றாசிரியர்கள் பட்டியல் போட்டால் அவர் பெயர் கண்டிப்பாக இருக்கும்.

1874 ஜூலை 30ஆம் நாள் வேல்ஸ் நாட்டில், இங்கிலாந்து எல்லையை ஒட்டிய சர்க் என்ற சிற்றூருக்கு அருகில் பிறந்தார். நிலக்கரிச் சுரங்கத்தை நம்பிய ஊர். நம் தோட்டப்புறத்தில் லயத்துப் பிள்ளை வளர்ந்தால் பால்மரத்துக்குப் போவது எப்படி எழுதாத சட்டமாக இருந்ததோ, அப்படியே அங்கு சுரங்கம். மெரெடித் 12 வயதில் பிளாக் பார்க் சுரங்கத்தில் இறங்கினார். நிலத்துக்கு அடியில் கரி வண்டி இழுக்கும் மட்டக் குதிரைகளை ஓட்டுவது முதல் வேலை. இருட்டு, தூசி, சம்பளம் கொஞ்சம். குடும்பம் கண்டிப்பான மெதடிஸ்ட் கிறிஸ்துவக் குடும்பம்.

அந்தச் சின்ன ஊரில் காற்பந்து மட்டும் சின்னதாக இல்லை. உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்துப் பழக்கி, வேல்ஸ் தேசிய அணிக்கே ஆட்டக்காரர்களை அனுப்பிக்கொண்டிருந்தார். மெரெடித்தின் அண்ணன் சாம், ஸ்டோக் அணிக்குப் போனவர். தம்பி பில்லி ஒல்லியான உடம்பு, வளைந்த கால்கள். வலப்பக்கக் கோட்டை ஒட்டியே ஓடுவார். எதிரணி ஆளைக் கிட்டே வரவிட்டு, குதிகாலால் பந்தைத் தட்டி, அவர் திரும்புவதற்குள் கடந்துவிடுவார். 1894இல் சர்க் அணி வேல்ஸ் கிண்ணத்தை வென்றபோது அவரும் அதில் இருந்தார். அதற்கு முந்தைய ஆண்டில் சுரங்கங்கள் மூடிக் கிடந்த நெருக்கடியில், நார்த்விச் விக்டோரியா அணிக்கும் ஆடத் தொடங்கியிருந்தார்.

1894 அக்டோபரில் மென்செஸ்டர் சிட்டி நிர்வாகிகள் சர்க்குக்கு ரயிலேறினார்கள். ஊர்ப் பையனைப் பட்டணத்துக்காரன் தூக்கிக்கொண்டு போவதை ஊர்க்காரர்கள் விரும்பவில்லை. வந்தவர்களைச் சுரங்கத் தொழிலாளர்கள் குளத்தில் தள்ளினார்கள் என்றும், அவர்களுக்கு மது வாங்கிக் கொடுத்துத்தான் பேச்சை ஆரம்பிக்க முடிந்தது என்றும் கதைகள் உண்டு. தாயாருக்கும் இதில் துளியும் சம்மதமில்லை. பந்து உதைப்பது பொழுதுபோக்கு, சுரங்கம்தான் பிழைப்பு என்பது அந்த அம்மாவின் கணக்கு. சாகும்வரை சோறு போடுமா இந்தப் பந்து என்று பிள்ளையைக் கேட்ட நம் தோட்டத்து அம்மாக்களுக்கு அந்தக் கவலை நன்றாகவே புரியும். மகன் ஒரு சமரசம் செய்தார். கையெழுத்துப் போட்டார், ஆனால் வேலையை விடவில்லை. வார நாளில் சுரங்கம், சனிக்கிழமை ஆட்டம்.

அக்டோபர் 27ஆம் நாள் நியூகாசலில் அவரது முதல் ஆட்டம். சிட்டி 4க்கு 5 என்ற கோல் கணக்கில் தோற்றது. அடுத்த வாரம் சொந்தத் திடலில் நியூட்டன் ஹீத் அணியைச் சந்தித்தார்கள். பிற்காலத்தில் மென்செஸ்டர் யுனைடெட் என்று பெயர் மாற்றிக்கொண்ட அணி அதுதான். லீக்கில் இரண்டு மென்செஸ்டர் அணிகளும் மோதிய முதல் ஆட்டத்தில் சிட்டி 2க்கு 5 என்று தோற்றது. சிட்டியின் இரண்டு கோலும் 20 வயது மெரெடித் போட்டவை.

அடுத்த பத்து ஆண்டுகள் அவருடையவை. 21 வயதில் அணித் தலைவர். 1899இல் சிட்டி இரண்டாம் பிரிவுப் பட்டத்தை வென்று முதல் பிரிவுக்கு ஏறியது. வாயில் எப்போதும் ஒரு பல்குச்சி. முதலில் புகையிலைதான் மென்றாராம். துப்பிய கறையைத் துவைக்க முடியாது என்று சட்டை துவைப்பவர்கள் மறுத்ததால் பல்குச்சிக்கு மாறினார் என்று சொல்வார்கள். கேலிச்சித்திரக்காரர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. பத்திரிகையில் பல்குச்சியோடு வளைந்த கால் ஆள் ஒருவரை வரைந்தால் பெயர் எழுதத் தேவையில்லை.

1904 ஏப்ரல் 23ஆம் நாள் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் திடலில் எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டம். எதிரணி போல்டன். ஒரே ஒரு கோல். அதைப் போட்டவர் தலைவர் மெரெடித். மென்செஸ்டர் நகருக்கு வந்த முதல் பெரிய கிண்ணம் அது. அதே சீசனில் லீக்கிலும் சிட்டி இரண்டாம் இடம். இதற்கு மேல் ஒரு ரசிகன் என்ன கேட்பான்?

இங்கே சம்பளக் கணக்கைக் கொஞ்சம் விளக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வரும் குழப்பம் புரியாது. 1901 முதல் இங்கிலாந்து காற்பந்துச் சங்கம் ஒரு விதி வைத்திருந்தது. எந்த ஆட்டக்காரருக்கும் வாரத்துக்கு 4 பவுனுக்கு மேல் கொடுக்கக்கூடாது. அரங்கத்தில் 30,000 பேர் டிக்கெட் வாங்கி நிற்பார்கள். கூட்டத்தை இழுப்பவருக்கு 4 பவுன், பெஞ்சில் இருப்பவருக்கும் அதிகபட்சம் அதே 4 பவுன். இந்த விதியைப் பெரிய கிளப்புகள் கள்ளத்தனமாக மீறின. மேசைக்கு மேல் 4 பவுன், மேசைக்குக் கீழே இன்னும் கொஞ்சம். சிட்டியில் மெரெடித்துக்கு வாரம் 6 பவுன் கிடைத்தது. நிர்வாகிகளுக்குத் தெரியும், ஆட்டக்காரர்களுக்குத் தெரியும். வெளியே சொல்வார் இல்லை.

1905 ஏப்ரல் 29, சீசனின் கடைசி நாள். பர்மிங்ஹாமில் ஆஸ்டன் வில்லாவை வென்றால் சிட்டிக்கு லீக் பட்ட வாய்ப்பு உண்டு. ஆட்டம் அடிதடியாக மாறியது. சிட்டியின் சாண்டி டர்ன்புல்லும் வில்லாவின் அலெக் லீக் என்ற ஆட்டக்காரரும் திடலிலேயே கைகலந்தார்கள். சிட்டி 2க்கு 3 என்று தோற்றது, பட்டமும் போயிற்று. சண்டை பற்றிய விசாரணை தொடங்கியபோது வேறொரு பூதம் கிளம்பியது. ஆட்டத்தை விட்டுக்கொடுக்க மெரெடித் தனக்கு 10 பவுன் தருவதாகச் சொன்னார் என்று அந்த வில்லா ஆட்டக்காரர் கூறினார்.

மெரெடித் மறுத்தார். சங்கம் நம்பவில்லை. 1905 ஆகஸ்டில் அவருக்கு ஒரு முழு சீசன் தடை விதிக்கப்பட்டது.

இந்த இடத்தில்தான் ரசிகர்கள் இரண்டாகப் பிளக்க வேண்டியிருந்தது. தடை செய்யப்பட்டவருக்குச் சம்பளம் கொடுக்கக்கூடாது என்பது விதி. சிட்டி கையை விரித்தது. பத்து ஆண்டு உழைத்த கிளப், அதிலும் தன் சார்பாகவே மாட்டிக்கொண்டதாக நினைத்த கிளப், வாசலில் நிற்கவைத்தது மெரெடித்தை எரியவைத்தது. பணம் கேட்டு அவர் விடவில்லை. தொல்லை தாங்காமல் சிட்டியே அவரைப் பற்றிச் சங்கத்திடம் புகார் செய்தது. அவ்வளவுதான். மெரெடித் வாயைத் திறந்தார். அந்த 10 பவுன் பேரம் தன் சொந்த யோசனை அல்ல, மேலாளர் டாம் மேலி சொல்லித்தான் செய்தேன் என்றார். முன்பு மறுத்ததை இப்போது ஒப்புக்கொண்டதுமாயிற்று. கள்ளச் சம்பள விவகாரத்தையும் கொட்டிவிட்டார்.

கணக்காய்வாளர் வந்தார், புத்தகங்கள் புரட்டப்பட்டன. 1906இல் வந்த தீர்ப்பு போல் அதற்கு முன்பு இங்கிலாந்து பார்த்ததில்லை. சிட்டிக்கு 250 பவுன் அபராதம். மேலாளர் மேலிக்கும் முன்னாள் தலைவருக்கும் காலவரையற்ற தடை. 17 ஆட்டக்காரர்களுக்கு மொத்தம் 900 பவுன் அபராதம், 1907 ஜனவரி 1 வரை தடை, அதோடு இனி சிட்டிக்கு ஆடவே கூடாது என்ற கட்டளை. மெரெடித்துக்கு மட்டும் 100 பவுன் அபராதம்.

ஒரே நாளில் ஓர் அணி காலியானது. 1906 செப்டம்பரில் கிடைத்த ஆட்களை வைத்துக்கொண்டு சிட்டி சீசனைத் தொடங்கியது. ஆர்சனலுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் அனல் வெயில். சிட்டி ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகச் சுருண்டு விழுந்து, முடிவில் 6 பேர்தான் திடலில் நின்றார்கள். 1க்கு 4 தோல்வி. இரண்டு நாள் கழித்து எவர்டனிடம் 1க்கு 9. அந்த ஒன்பது கோலையும் பார்த்த சிட்டி ரசிகன் மனத்தில் மெரெடித்தின் பெயர் எப்படிப் பதிந்திருக்கும் என்பதைக் கற்பனை செய்துகொள்ளலாம். அவர் ஒருவர் பேசினார். 17 பேர் போனார்கள்.

அதற்கு மேலும் ஒரு அடி காத்திருந்தது. தடை செய்யப்பட்ட ஆட்டக்காரர்களை விற்க மென்செஸ்டரின் குயின்ஸ் ஹோட்டலில் கிளப்புகள் எல்லாம் கூடின. மாட்டுச் சந்தை போல. ஆனால் யுனைடெட் மேலாளர் எர்னஸ்ட் மேங்னால் சந்தை கூடுவதற்கு முன்பே தேவையானவர்களைப் பிடித்துவிட்டார். மெரெடித், டர்ன்புல், பர்ஜஸ், பேனிஸ்டர். சிட்டியின் நான்கு தூண்கள் ஊரைக்கூடத் தாண்டாமல் போட்டி அணிக்குப் போனார்கள்.

1907 ஜனவரி 1, தடை முடிந்த அதே நாள். யுனைடெட்டுக்கு ஆட்டம். எதிரணி, வேறு யாருமில்லை, ஆஸ்டன் வில்லா. மெரெடித் வலப்பக்கத்திலிருந்து பந்தைத் தூக்கினார்; டர்ன்புல் கோலாக்கினார்; 1க்கு 0. 1908இல் யுனைடெட் முதன்முறையாக லீக் பட்டம் வென்றது. 1909இல் முதன்முறையாக எஃப்.ஏ. கிண்ணம். அதே 1909இல் சிட்டி இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. யுனைடெட்டின் இன்றைய கோடிக்கணக்கான ரசிகர்களில் எத்தனை பேருக்குத் தெரியும், தங்கள் கிளப்பின் முதல் பொற்காலம் சிட்டியின் இடிபாட்டுக் கல்லால் கட்டியது என்று?

ஆனாலும் மெரெடித்தைக் காசாசை பிடித்தவர் என்று மட்டும் எழுதிவிட்டுப் போனால் அது பாதிக் கதை. 1907 டிசம்பர் 2ஆம் நாள் மென்செஸ்டர் இம்பீரியல் ஹோட்டலில் ஆட்டக்காரர்களின் தொழிற்சங்கம் தொடங்கப்பட்டது. முதல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் மெரெடித். சம்பள உச்சவரம்பை நீக்க வேண்டும், ஆட்டக்காரரை மாடு மாதிரி கட்டிப்போடும் முறை ஒழிய வேண்டும், காயம்பட்டால் மற்றத் தொழிலாளர்களைப் போல் இழப்பீடு வேண்டும் என்பவை கோரிக்கைகள். இவை மலேசியத் தோட்டத் தொழிலாளிக்கு அந்நியமான சொற்கள் இல்லை. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாகி, பி.பி. நாராயணன் தலைமையில் கூலிக்குப் பேரம் பேசிய காலத்தை நினைவு வைத்திருக்கும் பெரியவர்கள் ஜோகூரில் இன்றும் இருக்கிறார்கள். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, வெட்டு இல்லாத நாளில் கூலி இல்லை. கால் உடைந்தால் ஆட்டம் இல்லை, ஆட்டம் இல்லாதவனுக்குக் கிளப் இல்லை.

1909இல் காற்பந்துச் சங்கம் அதட்டியது. தொழிற்சங்கத்திலிருந்து விலகாவிட்டால் ஆட முடியாது, சம்பளமும் கிடையாது. ஒவ்வோர் அணியாகப் பணிந்தது. லீக்கின் மற்ற எல்லா ஊர்களிலும் கையெழுத்துப் போட்டார்கள். யுனைடெட் ஆட்டக்காரர்கள் மட்டும் மறுத்தார்கள். தங்கள் கிளப்பின் திடலில் நுழைய முடியாமல் வேறு இடத்தில் பயிற்சி எடுத்துக்கொண்டு, ஒதுக்கப்பட்டோர் அணி என்று பலகையில் எழுதிப் படமும் பிடித்துக்கொண்டார்கள். சீசன் தொடங்கும் தறுவாயில் சங்கம் இறங்கி வந்து தொழிற்சங்கத்தை ஏற்றுக்கொண்டது. உச்சவரம்பு மட்டும் போகவில்லை. அது போக 1961 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதைக் காண மெரெடித் உயிரோடு இல்லை.

1911இல் யுனைடெட்டுக்கு இன்னொரு லீக் பட்டம். அதன்பின் கால்கள் மெல்ல மெதுவாகின, போரும் வந்தது. போர்க்காலத்தின் தொடக்கத்தில் மீண்டும் ஒரு நிழல் விழுந்தது. 1915 ஏப்ரல் 2, புனித வெள்ளி. யுனைடெட் லிவர்பூலை 2க்கு 0 என்று வென்ற ஆட்டம் முன்கூட்டியே பேசிவைத்த ஆட்டம் என்று தெரியவந்தது; சூதாட்டத்தில் காசு கட்டியிருந்தார்கள். யுனைடெட்டில் தடைக்கு ஆளான மூவரில் ஒருவர் டர்ன்புல், மெரெடித்தின் நெடுநாள் கூட்டாளி. அன்று திடலில் இருந்த மெரெடித் மீது குற்றம் சாட்டப்படவில்லை. தனக்கு யாரும் பந்தே தரவில்லை, அப்போதுதான் ஏதோ சரியில்லை என்று தோன்றியது என்பது அவர் சொன்ன விளக்கம். 1905ஐ மறக்காதவர்கள் இதை எவ்வளவு நம்பினார்களோ தெரியாது. ஆனால் அதற்கு மாறான சாட்சியம் எதுவும் வரவில்லை. டர்ன்புல் 1917இல் பிரான்சில் போர்முனையில் உயிர்விட்டார்.

போர் ஆண்டுகளில் லீக் நின்றுபோய், ஆட்டக்காரர்கள் விருந்தாளிகளாகப் பல அணிகளுக்கு ஆடினார்கள். மெரெடித் நீலச் சட்டையில் மறுபடி தோன்றியது அப்போதுதான். போர் முடிந்ததும் யுனைடெட்டுக்குத் திரும்ப வேண்டியிருந்தது. ஆனால் மனம் அங்கில்லை. தனக்கு நடத்திய நிதி ஆட்டத்தின் பணம் ஒழுங்காகத் தரப்படவில்லை என்ற குறை பல ஆண்டாக இருந்தது. இந்த வயதில் தனக்கு விலை போடாமல் விடுவிக்க வேண்டும் என்று மல்லுக்கட்டினார். இதற்கிடையில் 1920 மார்ச்சில் லண்டன் ஹைபரி திடலில் வேல்ஸ் அணிக்காக இங்கிலாந்தை எதிர்த்தார். 1895 முதல் எத்தனையோ முறை முயன்றும் கிடைக்காத வெற்றி, 2க்கு 1 என்று அன்று கிடைத்தது. வயது 45. அது அவரது 48ஆவது அனைத்துலக ஆட்டம், கடைசியும் அதுவே. உடைமாற்றும் அறையில் அழுதுவிட்டாராம்.

1921 ஜூலையில் கேள்வி மேசைக்கு வந்தது. சிட்டி மெரெடித்தைத் திரும்ப எடுக்கலாமா? அழைத்த மேலாளர் யார் என்று பார்த்தால் கதையில் இன்னொரு முடிச்சு. அதே எர்னஸ்ட் மேங்னால். 1906இல் சிட்டியிடமிருந்து மெரெடித்தைக் கொத்திக்கொண்டு போனவர், 1912இல் தானே யுனைடெட்டை விட்டுச் சிட்டிக்கு வந்திருந்தார்.

அன்றைய சிட்டி ரசிகன் எடைபோட வேண்டியிருந்தவை லேசானவை அல்ல. ஒரு தட்டில் 1904ஆம் ஆண்டுக் கிண்ணம். இன்னொரு தட்டில் 1906இல் சிதறிய அணி, எவர்டனின் ஒன்பது கோல், எதிர் வீட்டுக்குப் போய் வாங்கிக் கொடுத்த பட்டங்கள். ஆள் நல்ல வயதில் இருந்தாலாவது, பழசை மறந்து கோலுக்காகச் சேர்த்துக்கொள்ளலாம் எனலாம். ஜூலை 30 வந்தால் 47 வயது. பதினைந்து ஆண்டுக்கு முன் கிளப்பைக் காட்டிக்கொடுத்தவருக்கு, தகப்பன் வயதில், எதற்கு ஓர் இளைஞனின் இடம்?

மறுபக்கமும் வலுவாகத்தான் இருந்தது. காட்டிக்கொடுத்தார் சரி, அவர் காட்டியது பொய்யா? கள்ளப் பணம் கொடுத்தது கிளப். வாங்கியவர்கள் 17 பேர். மாட்டியவுடன் ஒருவரை மட்டும் நடுத்தெருவில் விட்டு, அவர் சம்பளம் கேட்டதற்குப் புகாரும் செய்தது கிளப். முதலில் கைவிட்டது யார்? 1905இல் அவர் செய்தது தப்பு. ஓர் ஆட்டத்தை விலைக்குக் கேட்பது எந்த மேலாளர் சொன்னாலும் தப்புதான், அதற்கு இந்தக் கட்டுரையில் சால்ஜாப்பு கிடையாது. ஆனால் 1906இல் அவர் செய்ததை அதே தராசில் வைக்க முடியாது. தப்புக்கான தண்டனையை அவர் அனுபவித்துவிட்டார். ஒரு சீசன் முழுக்கச் சம்பளமில்லாமல், பெயரும் கெட்டு. சிட்டி ரசிகர்கள் அவர்மீது கோபப்பட்டதில் பெரும்பங்கு லஞ்சத்துக்காகவா, வாயைத் திறந்ததற்காகவா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

மேங்னாலுக்கு நடைமுறைக் கணக்கு ஒன்றும் இருந்தது. அந்தப் பெயருக்கு வாசல் நிறையும். பயிற்சியாளராகவும் ஆட்டக்காரராகவும் மெரெடித் கையெழுத்திட்டார். அலங்காரத்துக்காக எடுத்த பழம்பெரும் பெயர் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். அந்த சீசனில் மட்டும் லீக்கில் 25 ஆட்டங்கள் ஆடினார். ஓட்டம் குறைந்துவிட்டது, பந்தைத் தூக்கும் துல்லியம் குறையவில்லை. அதன்பின் பெரும்பாலும் இளைஞர்களைப் பழக்குவதில் நாள் போனது.

1923இல் சிட்டி பழைய ஹைட் ரோட்டை விட்டு மேய்ன் ரோடு என்ற பிரம்மாண்ட அரங்குக்குக் குடிபோனது. அந்த முதல் சீசனில், 1924 பிப்ரவரியில், பிரைட்டனில் நடந்த எஃப்.ஏ. கிண்ண ஆட்டத்துக்கு மெரெடித்தின் பெயர் பலகையில் ஏறியது. வயது 49. சிட்டி 5க்கு 1 என்று வென்றது; கிழவரும் ஒரு கோல் போட்டார். அடுத்து கார்டிஃப் மேய்ன் ரோட்டுக்கு வந்தபோது 76,166 பேர் அரங்கில். கோல் இல்லாத சமநிலை. மறு ஆட்டம் வேல்ஸ் மண்ணில், கார்டிஃபில். கூடுதல் நேரத்தில் மெரெடித் கொடுத்த பந்தை டாமி பிரவல் கோலாக்க, சிட்டி 1க்கு 0 என்று வென்றது. சொந்த நாட்டு அணியைச் சொந்த மண்ணில் வெளியேற்றிய 49 வயது வேல்ஸ்காரருக்கு அன்று என்ன மாதிரி வரவேற்பு கிடைத்திருக்கும்!

மார்ச் 29ஆம் நாள் பர்மிங்ஹாமில் அரையிறுதி. எதிரணி நியூகாசல். முப்பது ஆண்டுகளுக்கு முன் சுரங்கத் தூசியோடு ரயிலேறிப் போய் முதல் ஆட்டம் ஆடியது அந்த அணியோடுதான். 0க்கு 2 என்று தோற்றார்கள். அதிகாரபூர்வ ஆட்டங்களில் அதுவே அவரது கடைசி. அன்று சிட்டி அணியில் ஆடிய சார்லி பிரிங்கிள் அவருடைய மகள் லில்லியை மணந்தவர். மாமனாரும் மருமகனும் ஒரே சட்டையில் அரையிறுதி ஆடியதை நம் ஊர்க் கல்யாண வீட்டில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

1925 ஏப்ரலில் மேய்ன் ரோட்டில் அவருக்கு விடையளிக்கும் ஆட்டம் நடந்தது. ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ், செல்டிக் ஆட்டக்காரர்கள் சேர்ந்து ஒரு அணியாக வந்தார்கள். சுமார் 15,000 பேர் கூடினார்கள். முந்தைய ஆண்டு கார்டிஃப் ஆட்டத்துக்கு வந்த கூட்டத்தோடு பார்த்தால் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. திரும்ப ஏற்றுக்கொள்வதும் மறந்துவிடுவதும் பக்கத்துப் பக்கத்து வீடுகள்.

அதன்பின் மதுக்கடை நடத்தினார், ஒரு ஊமைப்படத்தில் தலைகாட்டினார், 1931 வாக்கில் யுனைடெட்டில் சில காலம் பயிற்சி கொடுத்தார். இரண்டு கதவும் அவருக்குத் திறந்தே இருந்தன. காற்பந்தில் சம்பாதித்த பெயர் அளவுக்குப் பணம் சேரவில்லை.

1958 பிப்ரவரி 6ஆம் நாள் மியூனிக் விமான விபத்தில் யுனைடெட்டின் இளம் அணி அழிந்தது. நகரமே துக்கத்தில் இருந்த நேரத்தில், ஏப்ரல் 19ஆம் நாள் மெரெடித் 83 வயதில் கண்மூடினார். மென்செஸ்டர் தென் மயானத்தில் அடக்கம் செய்தார்கள். தலைமாட்டில் பெயர்க்கல்கூட இல்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அப்படியே கிடந்தது. 2001இல்தான் கல் நட்டார்கள். செலவை ஏற்றவை அவர் தொடங்கிய ஆட்டக்காரர் சங்கம், வேல்ஸ் காற்பந்துச் சங்கம், மென்செஸ்டர் யுனைடெட், மென்செஸ்டர் சிட்டி.